ரூப் ஃபாஸ்டர்: எழுதப்படாத தடையும் ஏட்டில் ஏறாத ஆட்டங்களும்

அமெரிக்க பேஸ்பாலின் உயர்நிலைப் போட்டிகளான மேஜர் லீக்கிலிருந்து கறுப்பின வீரர்களை விலக்கிய தடை எந்த விதிநூலிலும் இடம்பெறவில்லை. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கரும் அவருடைய சகோதரரும் டொலிடோ அணியில் ஆடினர். அதன்பின் 1947 வரை, அணி உரிமையாளர்களின் வாய்மொழி இணக்கமே கறுப்பினத்தவருக்குக் கதவடைத்தது. எழுதிய விதியெனில் அதன் வாசகத்தைச் சுட்டி எதிர்க்கலாம். இங்கோ அத்தகைய விதியே இல்லையென 1942இல் ஆணையர் லாண்டிஸ் அறிவிக்க முடிந்தது.

ஆண்ட்ரூ 'ரூப்' ஃபாஸ்டர் பந்தெறிந்தது இத்தடை நிலவிய காலத்தில். 1879இல் டெக்சஸ் மாநிலத்தின் கால்வர்ட்டில் பிறந்த அவர், 1902இல் சிகாகோவின் கறுப்பின அணியொன்றில் சேர்ந்தார். 1903இல் கியூபன் எக்ஸ்-ஜயண்ட்ஸ் அணிக்காக ஆடி, பிலடெல்பியா ஜயண்ட்ஸுக்கு எதிரான வாகையர் தொடரில் நான்கு ஆட்டங்களை வென்றளித்தார். மறு ஆண்டே பிலடெல்பியா அணிக்கு மாறி, தமது முந்தைய அணியை வீழ்த்தினார். எனினும் மேஜர் லீக் அவருக்குத் திறக்கவில்லை.

திறமையை மெய்ப்பித்தால் மட்டும் தடை நீங்காது என்ற நிலையில், ஃபாஸ்டர் நிறுவனங்களைக் கட்டினார். 1911இல் வெள்ளையரான ஜான் ஷோர்லிங்கைக் கூட்டாளியாகக் கொண்டு சிகாகோ அமெரிக்கன் ஜயண்ட்ஸ் அணியைத் தொடங்கினார். மைதானங்களும் ஆட்ட ஏற்பாட்டுத் தரகும் பெரும்பாலும் வெள்ளையர் வசமிருந்ததால், நுழைவுச்சீட்டு வருவாயில் பெரும்பங்கு அவர்களிடமே சென்றது. இதை மாற்ற, 1920 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியில் அணி உரிமையாளர்களைக் கூட்டி, எட்டு அணிகள் கொண்ட நீக்ரோ நேஷனல் லீக்கை நிறுவினார். முதல் மூன்று ஆண்டுகளும் அவரது அணியே வாகை சூடியது.

1926இல் மனநலம் குன்றிக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட ஃபாஸ்டர், 1930இல் மறைந்தார். அடுத்த ஆண்டே லீக் கலைந்தது. ஆயினும் அதன் தொடக்க அணிகளுள் ஒன்றான கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸில் 1945இல் ஆடிய ஜாக்கி ராபின்சன்தான், 1947இல் நிறத்தடையை உடைத்தார்.

1981இல் ஃபாஸ்டருக்குப் புகழ்மன்றத்தில் இடமளிக்கப்பட்டது. 2020இல், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் தகுதியுடையவையாக அதன் நிர்வாகம் ஏற்றது. ஃபாஸ்டர் பந்தெறிதலில் உச்சம் தொட்ட ஆண்டுகள் 1920க்கு முந்தியவை. விலக்கியவர்கள் வரைந்த காலவரம்பால், 1903இன் வெற்றிகள் இன்றும் அந்த அதிகாரபூர்வக் கணக்கிற்கு வெளியேதான் நிற்கின்றன.