'எனும் நான்...' பதவிப்பிரமாணத்தில் என்ன இருக்கிறது? மீறினால் பதவி போகுமா?

புதிய அரசு பதவியேற்கும் நாளில் டிவி முன் உட்கார்ந்திருப்போம். ஆளுநர் "நான்" என்று ஆரம்பித்துக் கொடுப்பார். பதவியேற்பவர் தன் பெயரைச் சொல்லித் தொடர்வார். 2021 மே 7 அன்று "முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின் எனும் நான்" என்ற வரி அன்றைக்கு முழுக்க செல்போன்களில் சுற்றியது. அதற்கு அடுத்து வந்த வரிகளை எத்தனை பேர் கவனித்தோம்?

உண்மையில் விஷயமே அந்த அடுத்த வரிகளில்தான் இருக்கிறது. யாருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சொல்கிறார்கள்? சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? சொல்லிவிட்டு மீறினால்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யாருக்கு விசுவாசம்?

கட்சிக்கு அல்ல, தலைவருக்கு அல்ல, ஆட்சிக்கும் அல்ல. இந்தியாவில் எம்.எல்.ஏ, எம்.பி, அமைச்சர், நீதிபதி என எல்லோரும் உண்மையான நம்பிக்கையும் பற்றும் வைப்பதாகச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதுதான்.

இது சாதாரண மாற்றம் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் பதவிக்கு வந்தவர்கள் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகத்தான் உறுதி எடுத்தார்கள். 1950 ஜனவரி 26-க்குப் பிறகு மன்னர் இருந்த இடத்துக்கு ஒரு சட்டப் புத்தகம் வந்தது. ஆள் மாறினாலும், கட்சி மாறினாலும் விசுவாசம் மாறக் கூடாது என்பதுதான் இதன் பொருள்.

எல்லோருக்கும் ஒரே உறுதிமொழியா?

கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் பதவிக்கு ஏற்ப தனித்தனி வாசகங்கள் உள்ளன.

எம்.பி, எம்.எல்.ஏ: அரசமைப்புச் சட்டத்தின் மீது பற்று, நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பது, ஏற்கும் கடமையை நேர்மையாகச் செய்வது. மூன்றே உறுதிகள்.

அமைச்சர்கள்: இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அச்சமோ ஒருதலைச் சார்போ, விருப்போ வெறுப்போ இல்லாமல் எல்லா மக்களுக்கும் சட்டப்படி நியாயம் செய்வேன் என்று சொல்ல வேண்டும். அதாவது, ஓட்டுப் போடாதவர்களுக்கும் சேர்த்து. இதுபோக ரகசியக் காப்புப் பிரமாணமும் தனியாக எடுக்க வேண்டும். அமைச்சர் என்ற முறையில் தெரியவரும் விஷயங்களை, கடமைக்குத் தேவைப்பட்டால் தவிர, வெளியே சொல்ல மாட்டேன் என்பது அது.

நீதிபதிகள்: அரசமைப்புச் சட்டத்தையும் சட்டங்களையும் நிலைநிறுத்துவேன் என்று சொல்கிறார்கள்.

குடியரசுத் தலைவர், ஆளுநர்: இவர்கள் வாசகம் மூன்றாவது அட்டவணையிலேயே இல்லை. சட்டப்பிரிவு 60, 159 ஆகியவற்றில் இருக்கிறது. மற்றவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் மீது பற்று வைத்தால் போதும். இவர்களோ அதைப் பேணிப் பாதுகாத்து நிற்பேன் என்று சொல்ல வேண்டும். மக்களின் சேவைக்கும் நலனுக்கும் தன்னை ஒப்படைப்பதாகவும் சொல்ல வேண்டும்.

பிரதமருக்கும் முதலமைச்சருக்கும் தனி உறுதிமொழி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. மற்ற அமைச்சர்கள் எடுக்கும் அதே வாசகம்தான் அவர்களுக்கும்.

'கடவுள் மீது ஆணையாக' - 'உளமார': எது சரி?

இரண்டுமே சரி. கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இதில் கடவுளின் பெயர் வர வேண்டுமா என்று அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் பெரிய விவாதமே நடந்தது. எச்.வி.காமத் போன்றவர்கள் கடவுள் பெயர் வேண்டும் என்று வாதிட்டார்கள். கடைசியில் நம்புகிறவர், நம்பாதவர் இருவருக்கும் இடம் கொடுத்து இரண்டு வழிகளும் வைக்கப்பட்டன. சட்டத்தின் முன் இரண்டுக்கும் ஒரே எடைதான்.

ஒரு சின்ன தமிழ்க் குறிப்பு. சமூக வலைதளங்களில் பலர் 'உளமாற' என்று எழுதுகிறார்கள். 'உளமார' என்றால் உள்ளம் நிறைய. 'உளமாற' என்று போட்டால் உள்ளம் மாற என்று ஆகிவிடும்! பதவியேற்கும்போதே மனம் மாறினால் எப்படி?

ஆனால் மூன்றாவது வழி கிடையாது. கேரளாவில் 2001 தேர்தலில் வென்ற எம்.எல்.ஏ ஒருவர் ஸ்ரீநாராயண குருவின் பெயரால் உறுதிமொழி எடுத்தார். சட்டம் சொல்லும் வடிவத்தில் இல்லாததால் அது செல்லாது என்றது கேரள உயர் நீதிமன்றம்.

1963-ல் சேர்ந்த வரி: தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

'இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன்' என்ற வரி 1950-ல் இல்லை. 1963 அக்டோபரில் 16-வது திருத்தம் மூலம் சேர்க்கப்பட்டது. இதன் பின்னணியில் தமிழ்நாடு இருக்கிறது.

அப்போது திமுகவின் முதன்மைக் கோரிக்கை தனி திராவிட நாடு. 1962 மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா தன் முதல் உரையிலேயே அதை முன்வைத்தார். அதே ஆண்டு சீனப் போர் வந்தது. தேசிய ஒருமைப்பாட்டுக்காக சி.பி.ராமசாமி ஐயர் தலைமையில் அமைந்த குழு, பிரிவினைப் பேச்சைத் தடுக்க அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தப் பரிந்துரைத்தது. அதன்படி வந்ததுதான் இந்தத் திருத்தம்.

மாநிலங்களவையில் அண்ணா இந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். ஆனாலும் நிறைவேறியது. உறுதிமொழி வாசகத்தோடு இன்னொரு முக்கியமான விஷயமும் மாறியது. அதுவரை ஜெயித்த பிறகு உறுதி எடுத்தால் போதும். திருத்தத்துக்குப் பிறகு, தேர்தலில் நிற்பதற்கே உறுதி எடுக்க வேண்டும் என்றானது. பிரிவினை கேட்டுக்கொண்டே வேட்பாளராக நிற்க முடியாது.

1963-லேயே திமுக தனிநாடு கோரிக்கையைக் கைவிட்டது. 1967-ல் திருத்தப்பட்ட அதே உறுதிமொழியோடு போட்டியிட்டு ஆட்சியைப் பிடித்தது. மாநில உரிமை, மொழி உரிமை என்ற அரசியலை அரசமைப்புச் சட்டத்துக்குள் நின்றே தொடர்ந்தது.

இன்றும் வேட்பாளர்கள் மனு தாக்கல் செய்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே இந்த உறுதியை எடுத்தாக வேண்டும். விட்டால் மனு நிராகரிக்கப்படும். சிறையில் இருப்பவர் போட்டியிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் முன்னிலையில் எடுக்கலாம்.

இலங்கையில் என்ன நடந்தது?

20 ஆண்டுகள் கழித்து இலங்கையும் இதேபோல ஒன்றைச் செய்தது. விளைவுதான் வேறு. 1983 ஜூலை கலவரத்துக்கு அடுத்த மாதமே 6-வது திருத்தம் கொண்டுவரப்பட்டது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று எம்.பி.க்களும் அரசு ஊழியர்களும் உறுதி எடுக்க வேண்டும் என்றது. தனிநாடு கேட்டு 1977 தேர்தலில் மக்களிடம் வாக்கு வாங்கியிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் அந்த உறுதியை எடுக்கவில்லை. நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். நாடாளுமன்றத்தில் பேச இருந்த தமிழ்க் குரல்கள் வெளியேற, அரசியல் களம் ஆயுதக் குழுக்கள் பக்கம் மேலும் நகர்ந்தது.

ஒரே மாதிரியான உறுதிமொழிதான். ஓரிடத்தில் ஒரு கட்சி உள்ளே வந்தது, இன்னோரிடத்தில் வெளியே போனது. உறுதிமொழி மட்டும் விசுவாசத்தை உருவாக்கிவிடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஜெயித்துவிட்டு உறுதிமொழி எடுக்காவிட்டால்?

எம்.எல்.ஏ, எம்.பி பதவி உடனே போய்விடாது. ஆனால் அவையில் உட்காரவும் ஓட்டுப் போடவும் முடியாது. மீறி உட்கார்ந்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் அபராதம். சட்டப்பிரிவு 104, 193 இதைச் சொல்கின்றன. 1950-ல் வைத்த தொகை, இன்னும் அதே 500 ரூபாய்தான்.

இதில் ஒரு சுவாரஸ்யம். உறுதிமொழி எடுக்காத எம்.எல்.ஏ கூட மாநிலங்களவைத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அவை நடவடிக்கை கிடையாது என்பதே காரணம்.

சிறையில் இருந்தபடி ஜெயித்தால்? 2024 மக்களவைத் தேர்தலில் பஞ்சாபில் அம்ரித்பால் சிங்கும் காஷ்மீரில் இன்ஜினியர் ரஷீத்தும் அப்படி ஜெயித்தார்கள். ஜூலை 5 அன்று போலீஸ் காவலோடு நாடாளுமன்றத்துக்கு அழைத்துவரப்பட்டு, உறுதிமொழி எடுத்த பிறகு திரும்ப அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

வார்த்தையை மாற்றிச் சொன்னால்?

1989 டிசம்பரில் வி.பி.சிங் அரசு பதவியேற்றது. குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் 'அமைச்சர்' என்று வாசித்தார். தேவிலால் 'துணைப் பிரதமர்' என்று திருப்பிச் சொன்னார். திருத்தியும் அவர் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. துணைப் பிரதமர் என்பது வெறும் அடைமொழி, சட்டப்படி அவர் அமைச்சர்தான், உறுதிமொழியின் முக்கியப் பகுதியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார், அதனால் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

அமெரிக்காவில் 2009-ல் ஒபாமா பதவியேற்றபோது தலைமை நீதிபதி ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டார். எதற்கு வம்பு என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் இன்னொரு முறை உறுதிமொழி எடுத்தார் ஒபாமா.

உறுதிமொழியின் முடிவில் கோஷம் போடுவது இன்னொரு சர்ச்சை. 2019-ல் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் தமிழில் உறுதிமொழி எடுத்து 'தமிழ் வாழ்க' என்றார்கள். பதிலுக்கு எதிர்த்தரப்பும் கோஷம் போட்டது. 2024-ல் ஒவைசி பாலஸ்தீனத்துக்கு 'ஜெய்' போட்டார். பாஜக எம்.பி ஒருவர் இந்து ராஷ்டிரத்துக்கு 'ஜெய்' போட்டார். அதன்பிறகு, வாசகத்துக்கு முன்னும் பின்னும் எதையும் சேர்க்கக் கூடாது என்று மக்களவை விதிமுறை திருத்தப்பட்டது.

உறுதிமொழி எடுத்துவிட்டால் பதவி உறுதியா?

இல்லை. இதற்கும் தமிழ்நாடுதான் உதாரணம். 2001 மே மாதம் ஜெயலலிதா முதலமைச்சராகப் பதவியேற்றார். டான்சி வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால் அவர் தேர்தலில் நிற்க முடியாத நிலை. 2001 செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. தகுதி இல்லாதவருக்கு உறுதிமொழி தகுதியைக் கொடுத்துவிடாது.

எதிர்ப்பக்கமும் நடந்தது. 2024-ல் பொன்முடியின் தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்த பிறகும், அவருக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைக்க ஆளுநர் ஆர்.என்.ரவி மறுத்தார். உச்ச நீதிமன்றம் கடுமையாக அதிருப்தி தெரிவிக்க, மறுநாள், மார்ச் 22 அன்று, பொன்முடி பதவியேற்றார். அரசமைப்புச் சட்டத்தைக் காப்பேன் என்ற உறுதி பதவியேற்பவருக்கு மட்டுமல்ல, பிரமாணம் செய்துவைப்பவருக்கும் உண்டு என்பதை இந்த வழக்கு நினைவூட்டியது.

சரி, மீறினால் தண்டனை என்ன?

இங்கேதான் பலரும் ஏமாந்துபோவோம். உறுதிமொழியை மீறினால் இத்தனை ஆண்டு சிறை, இத்தனை ரூபாய் அபராதம் என்று அரசமைப்புச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

1985-ல் கேரள அமைச்சர் ஆர்.பாலகிருஷ்ண பிள்ளை 'பஞ்சாப் மாதிரி' போராட்டம் வேண்டும் என்ற பொருளில் பேசியதாகச் சர்ச்சை வெடித்தது. அவர் ராஜினாமா செய்தார். அந்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது இதுதான்: உறுதிமொழி மீறப்பட்டதா, அதற்காகப் பதவியைப் பறிக்க வேண்டுமா என்பதை நியமித்தவர்தான் பார்க்க வேண்டும், கோர்ட் அல்ல. அதே கேரளாவில் 2022 ஜூலையில், அரசமைப்புச் சட்டத்தை விமர்சித்துப் பேசிய அமைச்சர் சஜி செரியன் ராஜினாமா செய்தார். 2023 ஜனவரியில் அதே சட்டத்தின் மீது மறுபடி உறுதி எடுத்து அமைச்சரானார்.

தமிழ்நாட்டில் கதை வேறு. 1986-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து, ஆட்சிமொழி பற்றிய 17-வது பகுதியை எரிக்கும் போராட்டத்தை திமுக நடத்தியது. உறுதிமொழியை மீறிவிட்டார்கள் என்று சொல்லி க.அன்பழகன் உள்ளிட்ட 10 திமுக எம்.எல்.ஏ.க்களின் பதவி பறிக்கப்பட்டது. அப்போது சபாநாயகர் பி.எச்.பாண்டியன். ஆக, மீறலா இல்லையா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த நேரத்தில் பெரும்பான்மை வைத்திருப்பவர்கள்தான்.

அப்போ அரசமைப்புச் சட்டத்தை விமர்சிக்கவே கூடாதா?

தாராளமாக விமர்சிக்கலாம். தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ம் ஆண்டுச் சட்டம், அரசமைப்புச் சட்டத்தைப் பொது இடத்தில் எரித்தால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: சட்டபூர்வமான வழியில் அதைத் திருத்த வேண்டும் என்ற நோக்கத்தோடு விமர்சிப்பது குற்றமே இல்லை.

யோசித்துப் பார்த்தால், தன்னைத் திருத்தும் வழியையும் சட்டப்பிரிவு 368-ல் தானே எழுதி வைத்திருக்கும் புத்தகம் இது. அதன் மீது விசுவாசம் என்றால் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்திருப்பது இல்லை. மாற்ற வேண்டும் என்றால் அதிலுள்ள வழியிலேயே மாற்றுவது. 16-வது திருத்தத்தை அவையில் எதிர்த்துப் பேசிவிட்டு, நிறைவேறிய பிறகு அதே உறுதிமொழியை ஏற்றுத் தேர்தலில் நின்ற கட்சியின் கதையும் அதைத்தான் சொல்கிறது.

அடுத்த முறை பதவியேற்பு நேரலை பார்க்கும்போது பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். 'விருப்போ வெறுப்போ இன்றி' என்ற இடம் வரை கேளுங்கள். அதை மீறினால் கேள்வி கேட்க ஆளுநர், முதலமைச்சர், சபாநாயகர் என்று பலர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்காவிட்டால், 5 ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் உரிமை நம் விரலில் இருக்கிறது.