இலங்கை மலேரியாவும் நுளம்பை இனங்கண்ட வரலாறும்

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். வற்றிய ஆற்றுப்படுகைகளில் தேங்கும் தெளிந்த நீரில் இது முட்டையிடும். ஆறு பெருகி ஓடினால் குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். 1934இல் மழை பொய்த்தபோது, மலேரியா அரிதாக இருந்த ஈரவலய ஓரங்களிலும் ஆறுகள் குட்டை குட்டையாக நின்றன. நோயெதிர்ப்பு குன்றிய அப்பகுதி மக்களைக் காய்ச்சல் வீழ்த்தியது. அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர்.

1940களின் நடுப்பகுதியில் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கினர். 1963இல் நோயாளர் தொகை 17ஆகக் குறைந்தது. தெளிப்பு நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 1969 ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் காய்ச்சல் பிடித்தது. நுளம்பு டி.டி.டி.யை எதிர்க்கும் திறனைப் பெறவே, 1977இல் மலத்தியன் அதன் இடத்தைப் பிடித்தது.

இதற்கிடையே ஆய்வாளர்களை ஒரு முரண்பாடு குழப்பியது. கியூலிசிபேசிஸ் என்பது ஓரினமன்று. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாத பல உடன்பிறப்பு இனங்களின் தொகுதி. இலங்கையில் இருப்பது ‘பி’ இனம் மட்டுமே என்று குரோமோசோம் ஆய்வுகள் காட்டின. ஆனால் இந்தியாவில் ‘பி’ மலேரியாவைப் பரப்புவதில் வலுவற்றது. 1999இல் இராமேசுவரம் தீவு நுளம்புகளில் விடை கிடைத்தது. ‘பி’ என்று கருதப்பட்டவற்றுள் ஒய் குரோமோசோமின் வடிவம் வேறுபட்ட, நோய் பரப்பும் ‘ஈ’ இனம் மறைந்திருந்தது. ஒய் ஆணுக்கே உரியது; இரத்தம் குடிப்பதோ பெண். ஆகவே பிடித்த பெண்ணின் முட்டைகளைப் பொரிக்க வைத்து ஆண் குடம்பிகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே இலங்கையிலும் ‘ஈ’ இனம் உறுதியானது.

உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவில் புதிய நுளம்பு ஒன்று அகப்பட்டது. உடலமைப்பும், மைட்டோகொண்ட்ரியா மரபணுவின் சிறு துண்டை ஒப்பிடும் டி.என்.ஏ. பட்டைக்குறி முறையும் அதை அனோபிலிஸ் ஸ்டீபன்சி என உறுதிசெய்தன. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் இனம் இது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும். பின்னர் யாழ்ப்பாணத்திலும் தென்பட்டது.

இனம் மாறியதால் தேடும் இடமும் மாறியது. ஆற்றுக் குட்டைகளை மட்டும் பார்ப்பது போதாது. வீட்டுக் கிணறுகளையும் சோதித்து, குடம்பி உண்ணும் மீன்களை விட வேண்டியதாயிற்று. வெளிநாடுகளிலிருந்து மலேரியாவோடு வருவோர் இருக்கும்வரை, ஒரே ஒரு நோயாளி வழியாகவும் தொற்று மீண்டும் தொடங்கக்கூடும் என்பதால், எந்த இனம் எங்கே பெருகுகிறது என்ற கணக்கும் தொடர்ந்து தேவைப்படுகிறது.