ஓய்வூதிய மதிப்பீடு

மாதாமாதம் வரவிருக்கும் ஓய்வூதியம் இன்றைய பணத்தில் எவ்வளவு பெறும் என்று கணக்கிடுவதே ஓய்வூதிய மதிப்பீடு. இது தெரியாமல், ஓய்வுக்காலத்துக்கு இன்னும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு அரசே விலை வைத்திருக்கிறது. பழைய ஓய்வூதியத் திட்டத்திலுள்ள மத்திய அரசு ஊழியர், தம் அடிப்படை ஓய்வூதியத்தில் 40 விழுக்காடு வரை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாக வாங்கிக்கொள்ளலாம். அலுவலகங்களில் இதற்குக் கம்யூட்டேஷன் என்று பெயர். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கான பெருக்கெண் 8.194. ஓய்வூதியம் ரூ.30,000 என்றால் விட்டுக்கொடுப்பது ரூ.12,000, அதை 12 மாதத்தாலும் 8.194-ஆலும் பெருக்கினால் கையில் ரூ.11,79,936, வருமான வரி இல்லாமல். 15 ஆண்டு கழித்து முழு ஓய்வூதியம் திரும்பிவிடும். 1986-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கிடைத்த உரிமை இது. அந்த 15 ஆண்டில் மொத்தப் பிடித்தம் ரூ.21,60,000. கடனாகப் பார்த்தால் வட்டி ஏறக்குறைய 9 விழுக்காடு. அதைவிடக் கூடுதல் வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்க எடுப்பது நியாயம். வங்கியில் வைப்புத்தொகையாகப் போடுவதற்கென்றே எடுப்பதில் லாபமில்லை. ஆனால் ஓய்வூதியர் இடையில் இறந்தால் மீதிப் பிடித்தம் குடும்பத்தின் தலையில் விழாது. பலர் கவனிக்கத் தவறும் இந்தப் பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு.

இதே 8.194-ஐ வைத்து முழு ஓய்வூதியத்தையும் எடைபோடுவது தவறு. அது ஏறாத ஒரு தொகைக்கான விலை. அகவிலைப்படியோ, கம்யூட் செய்த பிறகும், முழு ஓய்வூதியத்தின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. விலைவாசி உயர்வும் வட்டியும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதாகக் கொண்டால், 80 வயது வரை அந்த ரூ.30,000-இன் மதிப்பு 20 ஆண்டுத் தொகை, அதாவது ரூ.72 லட்சம்.

தனியார் ஊழியரின் நிலை வேறு. 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் ரூ.15,000 உச்சவரம்பில் 35 ஆண்டு உழைத்தவருக்கு மாதம் ரூ.7,500. அகவிலைப்படி கிடையாது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், 20 ஆண்டு கழித்து அந்தப் பணத்தில் இன்றைய ரூ.2,340-க்குத்தான் பொருள் வாங்கலாம். 7 விழுக்காடு வட்டியில் கழித்துப் பார்த்தால் 20 ஆண்டுக்கான இன்றைய மதிப்பு ஏறத்தாழ ரூ.9.7 லட்சம்.

கணக்கை ஓய்வூதியரின் ஆயுளோடு நிறுத்தவும் கூடாது. அவருக்கு 60, மனைவிக்கு 54 என்றால் கடைசி ஆண்டுகள் பெரும்பாலும் மனைவியுடையவை. அப்போது வீட்டுக்கு வருவது குடும்ப ஓய்வூதியம்: அரசு ஊழியருடைய ரூ.30,000 முடிவில் ரூ.18,000-ஆகவும், தனியார் ஊழியருடைய ரூ.7,500 அதில் பாதியாகவும் இறங்கும்.