வலிமையும் ஓர் அமானிதமே: வெளியேற்றப்பட்ட மூன்று ரக்பி வீரர்களின் வரலாறு

மல்யுத்தத்தில் எதிரியை வீழ்த்துபவனை அல்ல, கோபம் பொங்கும் வேளையில் தன்னை அடக்கிக்கொள்பவனையே உண்மையான வலிமையாளனாகக் கருத வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள இந்தப் போதனையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உடல் வலிமையையே தொழிலாகக் கொண்டவர்களின் வாழ்வில் இந்த அளவுகோல் என்ன காட்டுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முட்டை வடிவப் பந்தைச் சுமந்து ஓடுவதும், ஓடி வருபவரை மோதி வீழ்த்துவதும் ரக்பியின் அடிப்படை. ஓர் அணிக்குப் பதினைந்து பேர், தலைக்கவசம் கட்டாயமில்லை. தமிழகத்தில் பலருக்கு அறிமுகமில்லாத இவ்விளையாட்டு, இலங்கையின் கொழும்பு, கண்டிப் பள்ளிகளில் நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகிறது. கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் மாணவர்களும் அதில் அடங்குவர். நாடுகளுக்கிடையேயான போட்டிகளில் பத்தாண்டு நீடிப்பதற்கே அரிய உடற்கட்டு வேண்டும். அவ்வாறு நீடித்த மூவரை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் நியூசிலாந்தின் விவசாயி. மற்ற இருவரும் முஸ்லிம்கள். மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, நடுவர் அவர்களைக் களத்தைவிட்டு வெளியே அனுப்பினார்.

காலின் மீட்ஸ்: ஊதியமில்லாக் காலத்தின் வீரர்

1936இல் பிறந்த காலின் மீட்ஸ், டெ குயிட்டி என்னும் சிற்றூரில் ஆடு மாடு வளர்த்த விவசாயி. 1957 முதல் 1971 வரை 'ஆல் பிளாக்ஸ்' எனப்படும் நியூசிலாந்து அணிக்காக 133 ஆட்டங்களில் ஆடினார். அவற்றுள் 55 டெஸ்ட் போட்டிகள். அக்காலத்தில் ரக்பி ஆடுவோருக்கு ஊதியம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் பண்ணைக்குத் திரும்பி உழைத்தே அவர் பிழைத்தார். 1970இல் தென்னாப்பிரிக்கப் பயணத்தின்போது கை எலும்பு முறிந்த பின்னும் அவர் ஆட்டத்தைத் தொடர்ந்தது இன்றும் பேசப்படுகிறது.

அத்தகையவரையும் 1967 டிசம்பரில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடுவர் வெளியேற்றினார். முன்பே ஒருமுறை எச்சரிக்கப்பட்டிருந்த மீட்ஸ், பந்தை எடுக்கக் குனிந்த எதிரணி வீரரின் அருகே காலை வீசினார். இரண்டு ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்தக் கறையைவிடப் பெரியது பின்னாளில் வந்தது. தென்னாப்பிரிக்காவில் இனவெறி ஆட்சி நடந்த 1986இல், அங்கீகாரமின்றி அந்நாட்டுக்குச் சென்று ஆடிய நியூசிலாந்து வீரர்களுக்கு அவரே பயிற்சியாளராக இருந்தார். புகழ் மனிதனைத் தவறிலிருந்து காப்பதில்லை என்பதற்கு இது சான்று.

ஆயினும் மக்கள் அவரை நேசித்தனர். 2017 ஜூனில் டெ குயிட்டியில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டபோது, கணையப் புற்றுநோயால் தளர்ந்திருந்த நிலையிலும் அவரே நேரில் வந்தார். முறிந்த கையோடு ஆடிய அந்த உடல், இரண்டே மாதங்களில் மண்ணுக்குச் சென்றது.

அப்துல் லத்தீஃப் பெனாஸி: புலம்பெயர்ந்தவர் தலைவரான கதை

மொராக்கோவின் ஊஜ்தா நகரில் 1968இல் பிறந்தவர் பெனாஸி. இளைஞராகப் பிரான்ஸுக்குச் சென்று, 1990இல் அந்நாட்டு அணியில் இடம்பெற்றார். சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பிரான்ஸ் அணிக்காக ஆடிய முதல் டெஸ்ட் போட்டியிலேயே முரட்டு ஆட்டத்துக்காக வெளியேற்றப்பட்டார். வந்தேறி என்ற பார்வை ஏற்கெனவே சூழ்ந்திருக்கும் ஒருவருக்கு இதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது. பலர் அத்தோடு முடிந்துபோயிருப்பார்கள். பெனாஸி பதினோராண்டுகள் நீடித்து, 2001 வரை 78 டெஸ்ட் போட்டிகளில் ஆடினார்.

1995 ஜூன் 17 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உலகக் கோப்பை அரையிறுதி. பெருமழையால் களத்தில் தேங்கிய நீரைப் பெண்கள் துடைப்பங்களால் தள்ளிய பிறகே ஆட்டம் தொடங்கியது. இறுதி நிமிடங்களில் பந்தோடு பாய்ந்த பெனாஸி, எல்லைக் கோட்டுக்குச் சில அங்குலங்களுக்கு முன் வீழ்த்தப்பட்டார். தென்னாப்பிரிக்கா 19-15 என வென்றது. அவர் கோட்டைத் தொட்டிருந்தால் கிடைத்திருக்கும் ஐந்து புள்ளிகளில் பிரான்ஸ் முந்தியிருக்கும். அந்தத் தோல்வி அவரை முடக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1997இல், ஐந்து நாடுகள் போட்டியில் நான்கு ஆட்டங்களையும் வென்ற பிரான்ஸ் அணிக்கு அவரே தலைவர். முதல் ஆட்டத்தில் கட்டுப்பாடு இழந்து வெளியேறிய முஸ்லிம் இளைஞரின் கையில், பிறரைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை ஒரு தேசம் ஒப்படைத்தது.

ஆட்டத்தை விட்ட பின்னும் அவர் ஒதுங்கவில்லை. பிரெஞ்சு ரக்பி நிர்வாகத்தில் உயர் பொறுப்புக்கு வந்தார். 2024 நவம்பரில் உலக ரக்பி அமைப்பின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு, 27-25 என்ற வாக்குக் கணக்கில் தோற்றார். டர்பனைப் போலவே இங்கும் நூலிழை வித்தியாசம்.

சன்னி பில் வில்லியம்ஸ்: தேடிக் கண்டடைந்தவர்

ஆக்லாந்தில் 1985இல் பிறந்த, சமோவா வழிவந்த சன்னி பில் வில்லியம்ஸுக்குப் புகழும் பணமும் இருபது வயதுக்கு முன்பே வந்தன. அவற்றோடு மதுவும் தவறான பழக்கங்களும் வந்ததை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2008இல் ஆஸ்திரேலியாவில் ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பிரான்ஸின் டூலோன் நகரை அடைந்தார். அங்கே சிறிய வீட்டில் பிள்ளைகளோடு வாழ்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மனநிறைவு, எல்லாம் இருந்தும் நிம்மதியற்றிருந்த அவரைச் சிந்திக்க வைத்தது. அவர் இஸ்லாத்தைத் தழுவினார். 2010இல் ஆல் பிளாக்ஸ் அணியின் முதல் முஸ்லிம் வீரரானார். 2019 வரை 58 டெஸ்ட் போட்டிகளில் ஆடி, 2011லும் 2015லும் உலகக் கோப்பையை வென்ற அணிகளில் இடம்பெற்றார்.

2015 இறுதிப் போட்டி முடிந்ததும் களத்துக்குள் ஓடிவந்த ஒரு சிறுவனைக் காவலர் கீழே தள்ளினார். வில்லியம்ஸ் அவனைத் தூக்கி, பெற்றோரிடம் அழைத்துச் சென்று, தன் தங்கப் பதக்கத்தை அவன் கழுத்தில் அணிவித்தார். 2017இல், வட்டியை வருவாயாகக் கொண்ட வங்கியின் சின்னம் பொறித்த சட்டையை அணிந்து ஆட வேண்டிய நிலை ஏற்பட்டபோது, கழுத்துப்பட்டையில் இருந்த அச்சின்னத்தை ஒட்டுநாடாவால் மறைத்துக்கொண்டார். விமர்சனங்கள் எழுந்தன. இறுதியில் ரக்பி நிர்வாகம் அவருடைய மனச்சாட்சியை மதித்து விலக்கு அளித்தது.

அதே ஆண்டு ஜூலை 1 அன்று வெலிங்டனில், எதிரணி வீரரின் தலையில் தோள் மோதியதற்காக அவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. ஆல் பிளாக்ஸ் வீரர் ஒருவர் டெஸ்ட் போட்டியில் வெளியேற்றப்பட்டது, 1967இல் மீட்ஸுக்குப் பிறகு அதுவே முதல்முறை. ஐம்பது ஆண்டு இடைவெளி! நான்கு வாரத் தடையை ஏற்ற வில்லியம்ஸ், அடிபட்டவரிடம் மன்னிப்பும் கேட்டார்.

2019 மார்ச் 15. கிறைஸ்ட்சர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில், ஜும்ஆ நாளில், 51 உயிர்கள் பறிக்கப்பட்டன. வில்லியம்ஸ் கண்ணீரோடு நாட்டு மக்களிடம் பேசினார். பின்னர் சக வீரர் ஓஃபா டுங்காஃபாஸியோடு அங்கே சென்று, காயமுற்றோரைச் சந்தித்து, தொழுகையில் கலந்துகொண்டார். அந்த நாட்களில் டுங்காஃபாஸி ஷஹாதா மொழிந்தார்; வில்லியம்ஸின் தாயாரும் இஸ்லாத்தை ஏற்றார். அல்ஹம்துலில்லாஹ். முஸ்லிம்களை அச்சுறுத்த நடந்த கொடுமையின் நடுவே, அல்லாஹ் நாடியோருக்கு நேர்வழி திறந்தது.

2021இல் ரக்பியிலிருந்து ஓய்வுபெற்ற அவர், குத்துச்சண்டைக்குத் திரும்பினார். 2022இல் மார்க் ஹன்ட்டிடமும் 2025இல் பால் கேலனிடமும் தோற்றார். முகத்தில் அடிப்பதைத் தடுக்கும் நபிமொழியைக் கொண்டு இவ்விளையாட்டை மார்க்க அறிஞர் பலர் ஏற்பதில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. ஒரு வீரரின் நற்செயல்களை நேசிப்பதற்காக அவருடைய எல்லாச் செயல்களையும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. முழுமையான முன்மாதிரி நமக்கு ஒருவரே.

உடல் கேட்கும் விலை

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1995 ஆகஸ்டில் ரக்பி, ஊதியம் பெறும் தொழிலானது. வீரர்களின் எடையும் வேகமும் கூடின, மோதல்கள் கடுமையாயின. 2003இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது முன்வரிசையில் ஆடியவர் ஸ்டீவ் தாம்சன். அந்நாட்டுக்காக 73 டெஸ்ட் போட்டிகளில் ஆடியவர். 2020 டிசம்பரில், 42 வயதில், தமக்கு நினைவிழப்பு நோய் தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். அந்த உலகக் கோப்பையை வென்றதே தமக்கு நினைவில் இல்லை என்றார். கோடிக்கணக்கானோர் கண்டு மகிழ்ந்த ஒரு நாள், அதை வென்று தந்தவரிடமே இல்லை.

நம் பிள்ளைகள் விளையாடட்டும். உடலைப் பேணுவது மார்க்கம் வலியுறுத்துவதே. ஆனால் தலையில் அடிபட்ட பிள்ளையை, "ஆண் பிள்ளை தாங்கிக்கொள்வான்" என்று சொல்லி மீண்டும் களத்துக்கு அனுப்புவது வீரமல்ல. அது அமானிதத்தை வீணாக்குவது. கோபத்தில் தவறிழைத்து வெளியேற்றப்பட்ட பிள்ளையிடம், "நடுவர் அநியாயம் செய்தார்" என்று ஆறுதல் சொல்வதைவிட, "அடிபட்டவரிடம் போய் மன்னிப்புக் கேள்" என்று சொல்வதே அவனை வலிமையாக்கும்.

மனிதனைப் பலவீனத்தில் படைத்து, பின் வலிமை தந்து, அதன் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் அல்லாஹ் என்று அர்ரூம் அத்தியாயம் நினைவூட்டுகிறது. மீட்ஸின் வாழ்வும் தாம்சனின் வாழ்வும் அதற்குச் சாட்சி. மறுமையில் அடியான் கேட்கப்படும் கேள்விகளுள், உடலை எதில் தேய்த்தான் என்பதும் ஒன்று எனத் திர்மிதியில் காண்கிறோம். அன்று எத்தனை போட்டிகளில் ஆடினோம் என்ற கணக்கு உதவாது. வட்டிக்கு விளம்பரமாக மறுத்த கழுத்தும், விழுந்த சிறுவனைத் தூக்கிய கைகளும், துயருற்றோரைத் தேடிச் சென்ற கால்களும் அங்கே பேசும், இன்ஷா அல்லாஹ்.

நமக்குத் தந்திருக்கும் வலிமையை, அது திரும்பப் பெறப்படும் முன், தனக்கு உவப்பான வழியில் செலவிட அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.