கல்லின் குற்றமும் வழியின் குற்றமும்: வைரத்துக்குச் சான்று கேட்ட வரலாறு

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இடிபாடாக நிற்கும் செயின்ட் டேவிட் கோட்டை ஒரு போர்க்காலத்து விற்பனை. 1687-ல் கோல்கொண்டாவை வென்ற ஔரங்கசீப்பின் படை அடுத்துச் செஞ்சியை நெருக்கியது. அங்கே அடைக்கலம் புகுந்திருந்த மராட்டிய அரசர் இராஜாராம் தரப்பிடமிருந்து 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை வாங்கியது. பேரம் முடித்தவர் சென்னை ஆளுநர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை கம்பெனிக்கு என்பது ஏற்பாடு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்தக் கணக்கை இன்றும் சுமக்கிறது.

யேல் வைர வணிகரும்கூட. கம்பெனி அதிகாரிகள் சம்பளத்தை மட்டும் நம்பிச் சோழமண்டலக் கரைக்கு வந்தவர்கள் அல்லர். கிருஷ்ணை ஆற்றங்கரைச் சுரங்கங்களில் எடுத்த கல் சென்னை வழியாக லண்டன் போனது. பதிலுக்கு மத்தியதரைக் கடல் பவளம் வந்து இறங்கியது. கல் யார் கையிலிருந்து வந்தது என்று துறைமுகத்தில் யாரும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது ஒரே ஒரு கல்தான். 1698 முதல் 1709 வரை சென்னை ஆளுநராக இருந்தவர் தாமஸ் பிட். கடலூர்க் கோட்டையும் அவருடைய ஆளுகைக்கு உட்பட்டதே. 1701-ல் ஜாம்சந்த் என்ற வணிகர் அவரிடம் 410 கேரட் கச்சா வைரம் ஒன்றைக் கொண்டுவந்தார். 2,00,000 வராகனில் தொடங்கிய பேரம் 48,000 வராகனில் படிந்தது. கல் லண்டன் சேர்வதற்குள் வதந்தியும் சேர்ந்துவிட்டது. சுரங்க அடிமை ஒருவன் தன் காலைக் கீறிப் புண்ணுக்குள் கல்லை ஒளித்துக் கடற்கரைக்கு வந்தான், கப்பல் தலைவன் ஒருவன் அவனைக் கொன்று கல்லைப் பறித்தான் என்பது கதை. ஆளுநரே களவுக்கல் வாங்கினார் என்ற பேச்சு ஓயவில்லை. பிட் ஊர் திரும்பும் வழியில், 1710-ல், நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து ஒரு வாக்குமூலம் எழுதினார்: கல்லை முறையாக விலை பேசி வாங்கினேன், மிரட்டலோ வன்முறையோ இல்லை என்று. ஆனாலும் பழி மறையவில்லை. கவிஞர் அலெக்சாண்டர் போப் 1733-ல் வெளியிட்ட கவிதையொன்றில் இந்தக் களவைச் சாடையாகக் குத்திக் காட்டினார்.

வைரத்தின் பூர்வீகத்துக்கு விற்பவரே எழுதித் தந்த சான்றுகளில் இதுதான் பெயர்பெற்ற முன்னோடி. இதன் பலவீனமும் அப்பட்டமானது: சாட்சி, வாதி, பயனாளி மூவரும் ஒருவரே.

அந்தக் கல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளர் ஓர்லேயான் கோமகனுக்கு 1717-ல் 1,35,000 பவுனுக்குப் போய் ‘ரீஜண்ட்’ ஆனது. புரட்சிக்குப் பின், 1797-ல் பிரெஞ்சு அரசு அதையே ஈடு வைத்துப் படைச் செலவுக்குப் பணம் திரட்டியது. இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போருக்குப் பணம் தந்த வைரம் எது என்று கேட்டால் இதைக் காட்டலாம். ஆனால் இன்றைய சட்ட வரையறைப்படி இது அந்தப் பட்டியலில் சேராது. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

தமிழ் நாட்டில் கல்லைச் சோதிக்கும் மரபு மிகப் பழையது. மதுரையின் மணிக்கடை வீதியை விவரிக்கும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்ற நான்கு குற்றங்களும் இல்லாத வைரத்தைச் சொல்கிறது. இன்றும் குடும்பங்கள் தோடு வாங்கும் முன் கல்லில் தோஷம் உண்டா, வீட்டுக்கு ராசியா என்று பார்க்கின்றன. எல்லாமே கல்லுக்குள் இருக்கும் குற்றம். வந்த வழியின் குற்றம் இந்தச் சோதனையில் அகப்படாது. பாட்டிமார் பெருமையாகச் சொல்லும் ‘ப்ளூ ஜாகர்’ தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்பான்டெயின் சுரங்கத்தின் பெயர்தான். அந்நாட்டு வைரச் சுரங்கங்களில் கருப்பினத் தொழிலாளர்களை வேலியிட்ட முகாம்களில் அடைத்துவைத்து வேலை வாங்கியது அந்தப் பெருமையோடு சேர்ந்து வரவில்லை.

சிதம்பரத்தில் மணிக்கல் என்றால் மாணிக்க ரத்தினசபாபதிதான் நினைவுக்கு வருவார். வரலாற்று மாணவருக்கு அதைவிடச் சுவையானது அங்குள்ள 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. காம்போஜ மன்னர் முதலாம் குலோத்துங்கனுக்கு அரிய பொருளாகக் காட்டிய ஒரு கல்லைக் கோயிலில் வைத்த செய்தியை அது பதிவு செய்கிறது. கொடுத்தவர், பெற்றவர், சேர்ந்த இடம் மூன்றும் தெரிகின்றன. ஒரே ஒரு கல், அரசர் கைமாற்றம் என்பதால் இது முடிந்தது. லட்சக்கணக்கில் பொட்டலம் பொட்டலமாகக் கைமாறும் பொருளுக்கு என்ன செய்வது?

அந்தக் கேள்வி 1990-களில் ரத்தத்தோடு வந்தது. அங்கோலாவில் யூனிட்டா கிளர்ச்சிப்படை 1992 முதல் 1998 வரை வைரத்தால் 370 கோடி டாலருக்கு மேல் ஈட்டியதாக குளோபல் விட்னஸ் அமைப்பு கணக்கிட்டது. சியரா லியோனில் புரட்சிகர ஐக்கிய முன்னணி பொதுமக்களின் கைகளை வெட்டியது. அதன் வைரம் லைபீரியா வழியாக வெளியேறியது. லைபீரியாவின் சொந்த உற்பத்தித் திறன் ஆண்டுக்கு அதிகம் போனால் ஒன்றரை லட்சம் கேரட். பெல்ஜியத்தின் பதிவேடுகளிலோ 1994 முதல் 1998 வரை அந்நாட்டிலிருந்து 3.1 கோடி கேரட் வந்ததாக இருந்தது. குமாஸ்தாக்கள் எழுதிக்கொண்டே போனார்கள்.

ஐ.நா. பாதுகாப்பு அவை 1998-ல் அங்கோலாவிலிருந்தும் 2000-ல் சியரா லியோனிலிருந்தும் வரும் அரசுச் சான்றில்லாத வைரத்தைத் தடை செய்தது. 2000 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் தொடங்கிய பேச்சு, 2003 ஜனவரி 1-ல் கிம்பர்லி சான்றிதழ் முறையாக நடைமுறைக்கு வந்தது. பட்டை தீட்டாத வைரம் முத்திரையிட்ட பெட்டியில், அரசுச் சான்றோடு, உறுப்பு நாடுகளுக்கிடையே மட்டுமே நகரலாம். இந்தியாவில் சான்று வழங்கும் பொறுப்பு ரத்தின, ஆபரண ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்துடையது. உலக வைரங்களில் எண்ணிக்கைக் கணக்கில் பத்தில் ஒன்பது சூரத்தில் பட்டை தீட்டப்படுவதால் இந்தியா ஒப்புக்கொள்ளாத விதி எதுவும் உலகில் எளிதில் ஓடாது.

பலன் இல்லாமல் இல்லை. கிளர்ச்சிப் படைகளுக்கு வெளிப்படையாக விற்பது கடினமானது. தனியே நடந்த வழக்கில், சியரா லியோன் கிளர்ச்சிக்குத் துணைபோன லைபீரிய முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012-ல் 50 ஆண்டுச் சிறை கிடைத்தது. ஓட்டை வரையறையில் இருந்தது: சட்டப்படியான அரசைக் கவிழ்க்கக் கிளர்ச்சியாளர் பயன்படுத்தும் கச்சா வைரமே ‘மோதல் வைரம்’. அரசே துப்பாக்கி பிடித்தால்? 2008-ல் ஜிம்பாப்வேயின் மராங்கே வயல்களில் அந்நாட்டு ராணுவம் 200-க்கு மேற்பட்டோரைக் கொன்றதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. ஆனாலும் 2011-ல் அங்கிருந்து ஏற்றுமதிக்குக் கிம்பர்லி முறை வழிவிட்டது. இந்த முறை உருவாகப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் அதே ஆண்டு டிசம்பரில் விலகியது. பிரெஞ்சு அரசு ஈடு வைத்த ரீஜண்ட் வைரம் தப்புவதும் இதே வாசல் வழியாகத்தான். வரையறையை விரிவாக்கும் முயற்சி பலமுறை நடந்தது. எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்பினால்தான் மாற்றம் என்பதால் அது கரை சேரவில்லை.

பட்டை தீட்டியதும் சான்று முடிந்துவிடுகிறது. பிறகு வணிகர் ஒவ்வொருவரும் விலைப்பட்டியலில், இது மோதலோடு தொடர்பற்ற வைரம் என்று ஒரு வரி உறுதிமொழி எழுதித் தருவது தொழில்துறையே வகுத்த ஏற்பாடு. பெர்கனில் பிட் எழுதியதன் வம்சாவளி என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது. அந்த வரியும் வணிகர்களுக்கிடையே ஓடுவது. நகை வாங்குபவர் கைக்கு வரும் தரச்சான்று கேரட், நிறம், தெளிவு, பட்டை பேசும்; சுரங்கம் பேசுவது அபூர்வம்.

உக்ரைன் போர் தொடங்கிய பின் ஜி-7 நாடுகள் வேறு பாதை பிடித்தன. சூரத்தில் தீட்டப்பட்டாலும் ரஷ்யக் கல் கூடாது என்றன: 2024 மார்ச் முதல் ஒரு கேரட்டும் அதற்கு மேலும், செப்டம்பர் முதல் அரை கேரட்டும் அதற்கு மேலும். அந்தத் தடை அந்நாடுகளின் சந்தைக்கானது. இந்தியக் கடைகளை அது கட்டுப்படுத்தாது. அளவுக்கணக்கிலும் கடலூரிலோ சிதம்பரத்திலோ விற்கும் மூக்குத்திக் கல் அரை கேரட்டைத் தொடுவது அரிது.