ஒரே பாட்டு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், காலையில வேலைக்குப் போகும்போது எஃப்.எம்.ல கேட்ட பாட்டையே சாயங்காலம் திரும்பி வரும்போதும் போடுறாங்க. மத்தியானம் சாப்பாட்டுக் கடையிலயும் அதே பாட்டு. இவங்ககிட்ட வேற பாட்டே இல்லையா?" கீழே பலர் சிரிப்புப் படம் போட்டிருந்தீர்கள். ஒருவர், "இந்தக் காலத்துல ரேடியோ யார் சார் கேக்குறா?" என்று எழுதியிருந்தார். டீக்கடைக்காரர் கேட்கிறார், தையல்கடையில் கேட்கிறார்கள், ஆட்டோ ஓட்டுபவர் கேட்கிறார், கண் தெரியாதவர்கள் கேட்கிறார்கள். அதனால் கேள்வி நியாயமானது. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டுவிட்டீர்கள், பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

'வியாபாரம் வந்தது, தரம் போனது' என்று ஒரே வரியில் பலரும் முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. நம் தலைமுறை உயிராக நேசித்த இலங்கை வானொலியும் வியாபார ஒலிபரப்புதான். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நடந்த வானொலியின் வலிமையான சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்ததும் இலங்கைக்குக் கிடைத்தது. 1950ஆம் ஆண்டு வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இங்கே பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறக்குறைய இல்லாமல் போனது. நாடே முள்ளைத் திருப்பிக் கொழும்புக்கு வைத்தது. இந்தியக் கம்பெனிகளின் விளம்பரமும் பின்னாலேயே போனது. பினாகா பற்பசைக்காக அமீன் சயானி நடத்திய இந்திப் பாடல் நிகழ்ச்சி 1952இல் தொடங்கியது. அரசு 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித்தான் நேயர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

தமிழில் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்ற பெயர்களை உங்கள் அப்பா அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். காலையில் 'பொங்கும் பூம்புனல்'. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு'. ஒரு பாட்டைப் போடுமுன் படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர் என்று எல்லாப் பெயரும் சொல்வார்கள். எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்குக் கூட மருதகாசி யார், கு.மா. பாலசுப்பிரமணியம் யார் என்று தெரியும். நான் வகுப்பில் பாரபட்சமின்றிச் சொல்வேன், அந்த அறிவிப்பாளர்கள் எங்களைப் போன்ற வாத்தியார்களைவிட நல்ல தமிழ் உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கேயும் ஹிட் பாட்டு உண்டு, வரிசைப்படுத்தலும் உண்டு. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று அதற்கென ஓர் இடம் இருந்தது. மற்ற நேரத்தில் வேறு நிகழ்ச்சி.

வித்தியாசம் எங்கே என்றால், விளம்பரத்தை விற்ற முறையில். அந்நாளில் கம்பெனிக்காரர் அரை மணி நேரத்தை மொத்தமாக வாங்கினார். தன் நிகழ்ச்சி பக்கத்து நிகழ்ச்சி போல இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். தனித்தன்மைக்குக் காசு கொடுத்தார். பிற்பாடு பத்து விநாடி, இருபது விநாடித் துண்டுகளாக நாள் முழுக்க விற்கும் முறை வந்தபோது நிலையத்துக்கு வேண்டியது வேறாகிவிட்டது. எந்த நிமிடம் திருப்பினாலும் ஆள் கலையாமல் இருக்க வேண்டும். எல்லா மணி நேரமும் ஒரே மாதிரி ஆனது அதனால்தான்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தது அமெரிக்கா. 1950 வாக்கில் அங்கே தொலைக்காட்சி வந்து, வானொலியின் நாடகங்களையும் நகைச்சுவைத் தொடர்களையும் விளம்பரதாரர்களையும் அள்ளிக்கொண்டு போனது. வானொலிக்கு மிஞ்சியது இசைத்தட்டுதான். ஒமாஹா நகரில் டாட் ஸ்டோர்ஸ் என்ற இளைஞர் தன் தந்தையோடு சேர்ந்து 1949இல் கே.ஓ.டபிள்யு.எச். என்ற நிலையத்தை வாங்கியிருந்தார். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. எந்த ஊர், எந்த வருடம் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். உணவு விடுதியில் காசு போட்டால் பாடும் இசைத்தட்டுப் பெட்டியில் வாடிக்கையாளர்கள் மாற்றி மாற்றி ஒரு சில பாட்டுகளையே போட்டுக்கொண்டிருந்தார்களாம். கடை மூடும் நேரத்தில், அதுவரை அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் காது புளித்திருக்க வேண்டிய பரிமாறும் பெண், தன் கைக்காசைப் போட்டு அதே பாட்டை மறுபடி வைத்தாளாம். ஸ்டோர்ஸ் அதிலிருந்து எடுத்த முடிவு: மக்களுக்குப் பல பாட்டு வேண்டாம், பிடித்த பாட்டு பல முறை வேண்டும். 'டாப் 40' என்ற முறை அப்படித்தான் வளர்ந்தது. டல்லஸ் நகரில் கோர்டன் மெக்லெண்டன் அதை இன்னும் ஆரவாரமாக்கினார். ஸ்டோர்ஸ் 1964இல், நாற்பது வயது நிறையுமுன்பே இறந்துபோனார்.

எனக்கு அந்தக் கதையில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அந்தப் பெண் தானே எழுந்து போய்ப் போட்டாள். விரும்பிப் போடுவதும், வேறு வழியில்லாமல் காதில் விழுவதும் ஒன்றாகுமா? இந்த வேறுபாட்டை யாரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

1959இல் இன்னொரு பூதம் கிளம்பியது. இசைத்தட்டுக் கம்பெனிகள் அறிவிப்பாளர்களுக்குக் கையூட்டுக் கொடுத்துத் தங்கள் பாட்டை ஓட்டுகிறார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றமே விசாரித்தது. ஆலன் ஃப்ரீட் என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளரின் வாழ்க்கை அதில் கவிழ்ந்தது. 1960இல் சட்டம் வந்தது. விளைவைப் பாருங்கள். அறிவிப்பாளர் கையில் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால்தானே வம்பு என்று, அதைப் பறித்து நிலையத்தின் நிகழ்ச்சி மேலாளரிடம் கொடுத்தார்கள். தப்புச் செய்தவனோடு ரசனை உள்ளவனும் சேர்ந்து வெளியே போனான். 1965இல் லாஸ் ஏஞ்சலிஸ் கே.எச்.ஜே. நிலையத்தில் பில் டிரேக் என்பவர் பட்டியலை முப்பது பாட்டு அளவுக்குச் சுருக்கினார், பேச்சையும் வெட்டினார். கேட்பவர் எண்ணிக்கை ஏறியது. 1979இல் தொடங்கிய ஆர்.சி.எஸ். கம்பெனியின் 'செலக்டர்' என்ற கணினி நிரல் பிற்பாடு இந்த வேலையையும் ஏற்றுக்கொண்டது.

இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பயப்படாதீர்கள். விளம்பரம், பேச்சு போக ஒரு மணிக்குப் பத்துப் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று, 'இப்போது சூடாக இருப்பவை' என்ற ஆறு பாட்டுப் பட்டியலிலிருந்து வர வேண்டும் என்று கணினிக்குச் சொல்லிவிட்டால், ஒவ்வொரு பாட்டும் இரண்டு மணிக்கு ஒரு தடவை, நாளுக்குப் பன்னிரண்டு தடவை வந்தே தீரும். நிலையத்தின் பார்வையில் இது தப்பில்லை. அவர்கள் கணக்கில் நேயர் என்பவர் இருபது நிமிடம் கேட்டுவிட்டு இறங்கிப் போகிறவர். நாள் முழுக்கக் கேட்கிற தையல்காரரும் டீக்கடைக்காரரும் அந்தக் கணக்கில் இல்லை. மிகவும் விசுவாசமான நேயருக்குத்தான் அதிகத் தண்டனை!

பட்டியலில் எது இடம் பெறும்? தொலைபேசியில் அழைத்து ஒரு பாட்டின் சில விநாடிகளை மட்டும் ஒலிக்கவிட்டு, தெரியுமா, பிடிக்குமா, சலித்துவிட்டதா என்று கேட்பது ஒரு முறை. தெரிந்த பாட்டுக்குத்தான் மதிப்பெண் விழும். தெரியாத பாட்டு பட்டியலுக்கு வராது. பட்டியலுக்கு வராததால் யாருக்கும் தெரியாது. பரீட்சைக்கே உட்காரவிடாமல் ஒரு பிள்ளையைப் பெயில் என்று எழுதினால் நம் பள்ளியில் சும்மா விட்டிருப்போமா?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977இல் நம் சென்னையில்தான். 1995இல் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் வந்த தீர்ப்பு அது. பொதுச் சொத்து என்றதும் அரசு என்ன செய்தது தெரியுமா, ஏலம் விட்டது. 1999இல் அறிவித்த முதல் கட்டத்தில் 40 நகரங்களில் 108 அலைவரிசைகள். ஆசையில் எல்லாரும் ஏற்றிக் கேட்டார்கள். மும்பையில் வருடத்துக்கு 9.75 கோடி ரூபாய் வரை போனது. அதற்கு மேல் வருடா வருடம் 15 சதவீதம் கூடும். கூட்டு வட்டிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தே வருடத்தில் கட்டணம் இரண்டு மடங்கு. கடைசியில் 12 நகரங்களில் 21 நிலையங்கள்தான் நிலைத்தன. 2005இல் இரண்டாம் கட்டத்தில் ஒரு முறை நுழைவுத் தொகை, பிறகு வருவாயில் 4 சதவீதம் என்று மாற்றினார்கள். மதுரை, திருச்சி, தூத்துக்குடி என்று நம் ஊர்களுக்கெல்லாம் தனியார் எஃப்.எம். பரவியது அதன் பிறகுதான்.

இத்தனை தொகை கொடுத்தவரிடம் கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: செய்தி சொல்லக் கூடாது. நாட்டு நடப்பு அலசக் கூடாது. மூன்றாம் கட்டத்தில் ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்று மட்டும் தளர்த்தினார்கள். ஆக, கடை வாடகை மலை போல. கடையில் விற்கலாம் என்று மிஞ்சியது சினிமாப் பாட்டும் அரட்டையும். ஓர் ஊரில் ஏழெட்டுக் கடைகள், எல்லாவற்றிலும் ஒரே சரக்கு. யார் துணிந்து ஒரு கர்நாடக இசைக் கச்சேரியோ, நாட்டுப்புறப் பாடலோ, புதுப் பையனின் தனிப்பாடலோ போடுவார்?

பாட்டுக்கான உரிமைத் தொகையும் இங்கே உதவவில்லை. முன்பு பாடல் ஒலித்த மணிக்கணக்கை அளந்து தொகை வாங்கினார்கள். 2010இல் காப்புரிமை வாரியம் விளம்பர வருவாயில் 2 சதவீதம் என்று மாற்றியது. 2020 கடைசியில் மறுபடி மணிக்கணக்குக்கே போனார்கள். எந்த முறையிலும் யாரும் கேட்காத பாட்டுக்கு விலை குறைவு என்பது கிடையாது. அதே காசுக்கு ஹிட் பாட்டையே போட்டுவிட்டுப் போகலாமே என்றுதான் எந்த வியாபாரியும் நினைப்பார்.

இளையராஜா ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்தவர். இரவு பத்து மணிக்கு மேல் எஃப்.எம்.மைத் திருப்புங்கள், அவர் பாட்டுதான். ஆனால் அத்தனை படங்களிலிருந்து அதே சில நூறு பாட்டு. அவருக்கு முந்தியவர்கள் நிலை இன்னும் மோசம். ஜி. ராமநாதனையும் எஸ்.வி. வெங்கட்ராமனையும் சுப்பையா நாயுடுவையும் எந்தத் தனியார் நிலையத்தில் கேட்டீர்கள்? ஒரு நிலையத்துக்கு (பெயர் வேண்டாம்) ஒரு தடவை நானே போன் போட்டு, ஜி. ராமநாதன் பாட்டு ஒன்று கேட்டேன். எடுத்த பெண் பிள்ளை மிகவும் மரியாதையாக, "அங்கிள், அது சிஸ்டம்ல இல்லையே" என்றது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. அது கையில் பாட்டுப் பெட்டியின் சாவி இல்லை, அவ்வளவுதான்.

பாட்டோடு போனால் பரவாயில்லை. 1996இல் அமெரிக்காவில், ஒரு கம்பெனி நாடு முழுக்க 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை நீக்கினார்கள். கிளியர் சேனல் என்ற கம்பெனி சில வருடங்களில் 1,200 நிலையங்களைத் தாண்டியது. வடக்கு டகோட்டாவில் மைனாட் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்த வணிக நிலையங்களில் ஆறு அந்த ஒரே கம்பெனியுடையவை. 2002 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டிய நேரம். சரக்கு ரயில் தடம்புரண்டு அம்மோனியா நச்சு வாயு ஊரைச் சூழ்ந்தது. காவல்துறை வானொலி நிலையத்தை அழைத்தது, யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்குள் இருந்தவர்கள் வானொலியைத் திருப்பியபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். நிலையத்தில் ஆள் இருந்தார், காவல்துறை எச்சரிக்கைக் கருவியைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று கம்பெனி சொன்னது. அதிலும் உண்மை உண்டு. ஆனாலும் அந்த இரவில் ஊருக்கு வேண்டியது பாட்டு அல்ல.

நம் நாட்டிலும் மூன்றாம் கட்ட விதிகளில், ஒரே கம்பெனியின் நிலையங்கள் நிகழ்ச்சியைப் பகிர்ந்து ஒலிபரப்ப அனுமதி இருக்கிறது. ஒரே ஊரில் ஒரே கம்பெனி ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசை வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 சென்னை வெள்ளத்தில் மின்சாரமும் போனும் செத்துக் கிடந்தபோது, இதே தனியார் எஃப்.எம். பிள்ளைகள்தான் பாட்டை நிறுத்திவிட்டு எங்கே படகு வேண்டும், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே நிலையம், அதே மைக், அதே ஆட்கள். பட்டியலை ஓரமாக வைத்தால் அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் எஃப்.எம். நிலையங்கள் மணிக்குப் பத்து நிமிடம் செய்தி ஒலிபரப்பலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. பத்து நிமிடம்தான். ஆனாலும் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் காட்ட அந்தப் பத்து நிமிடம் போதும்.

பாம்பனில் 'கடல் ஓசை' என்று ஒரு சமுதாய வானொலி இருக்கிறது, மீனவர்களுக்காகவே நடப்பது. 2016இல் தொடங்கியது. காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்கிறது. கடல் வளத்தைப் பற்றிப் பேசுகிறது. அந்த ஊர்க்காரர்களே பாடுகிறார்கள். ராமேஸ்வரம் போகிறவர்கள் பாலத்தைப் படம் எடுத்து முடித்ததும் வண்டியில் 90.4 வைத்துக் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.