மஸகானில் பூட்டி, மலையில் மாற்றிய ஜீப்

மும்பை கோவண்டியில் ஹார்பர் லைன் ரயிலேறினால் மூன்றாவது நிலையம் குர்லா. அங்கே சிஎஸ்டி சாலையோரம் பழைய வண்டிகளின் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் இன்றும் விலைபோகின்றன. ஜீப்பின் இந்திய வாழ்க்கையும் மும்பையில்தான் தொடங்கியது. 1940-களின் பிற்பகுதியில் மஸகானில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளின் உதிரிகளை இறக்குமதி செய்து பூட்டத் தொடங்கியது.

ஜீப்பைக் கைவேலையால் மாற்றும் வழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் கழுத்தை அறுக்கும் உயரத்தில் சாலைக்குக் குறுக்கே கம்பி கட்டிவைத்தார்கள் ஜெர்மானியர்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் முன் பம்பரில் ஓர் இரும்புச் சட்டத்தை நிமிர்த்தி வெல்டிங் செய்தார்கள். மேல்முனையில் ஒரு கொக்கி. கம்பி அதில் மாட்டி அறுந்தது.

இந்தியாவில் பிரச்சினை பெட்ரோல் செலவு. பட்டறைக்காரர்கள் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். புது இன்ஜினின் போல்ட் துளைகள் பழைய கியர்பாக்ஸோடு பொருந்தாது. அதனால் இரண்டுக்கும் நடுவே தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைந்து வைப்பார்கள். மையம் சற்றே விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் தேய்ந்துபோகும். டீசல் இன்ஜின் கனம் கூடுதல் என்பதால், முன்பக்கப் பட்டைவில்லில் இன்னொரு பட்டை சேரும்.

போடியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத் தொழிலாளர்களைச் சுமந்து மலையேறியதும் ஜீப்புகள்தான். மூட்டைக்குக் கூரைமேல் கேரியர், ஆளுக்குப் பின்னால் இரும்புப் படி.

இதற்கெல்லாம் சட்டம் கடிவாளம் போட்டது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம், தயாரிப்பாளர் வகுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.